தேர் வீதியில் லைன் கிளியர்

போன வாரம் மாரிமுத்து போன் செய்தான். என்னிடம் மின்கம்பம் ஏறப் பழகியவன். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் லைன் இன்ஸ்பெக்டர். தேரோட்டம் நெருங்கினால் அவனுக்குச் சோறு இறங்காது. வேலையில் இருந்தவரை எனக்கும் இறங்கியதில்லை.

"அண்ணே, தேர் அன்னைக்கு அந்த ஓட்டலுக்கு மட்டும் கரண்ட் நிக்கக் கூடாதாம்."

"எந்த ஓட்டல்?"

"அதேதான்."

அவனே தொடர்ந்தான்.

"பால்கனியில வெளிநாட்டு ஆளுக உக்காந்து தேர் பாக்கப் போறாங்களாம். ஏசி ஓடணுமாம். பெரிய திரை வேற வச்சிருக்காங்க. பெரிய இடத்து ஆளுகளை விட்டுப் பேசச் சொல்லுதாங்க. முன்ன அங்க நடந்ததை நீங்க எழுதித் தாங்க. சங்கத்துப் புத்தகத்துல போடுதோம். நான் வாயால சொன்னா பழங்கதைங்காங்க."

"ஏலே, நான் எட்டாப்பு தாண்டலையேடா."

"கம்பம் தாண்டிருக்கீங்கள்லா. அம்புட்டுப் போதும்."

அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் புத்தகம் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எனக்கு ஊர் இராஜபாளையம். அப்பா நூல் மில்லில் இருந்தார். நான் பேண்டேஜ் துணி போடுகிற தறியில் கொஞ்ச காலம் நின்றேன். சத்தம் ஒத்துவரவில்லை. மின்சாரக் கம்பத்துக்குக் குழி தோண்ட ஆள் எடுத்தார்கள். போனேன். பிறகு ஹெல்பர், வயர்மேன், லைன்மேன். கடைசி வரை லைன்மேன்தான். வேலை முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் டவுன் பஸ், சாயங்காலம் டவுன் பஸ். அதில் எழுத ஒன்றும் இல்லை.

எழுத வேண்டியது பால்ச்சாமி அண்ணாச்சியைப் பற்றி. எங்கள் போர்மேன்.

கறுத்த ஆள். குரல் உயராது. திட்ட மாட்டார். தப்பு செய்தால் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். வேலைக்குப் புறப்படும்போது ஒவ்வொருவர் தோளிலும் கை வைப்பார். தட்ட மாட்டார், வைப்பார். குடித்திருக்கிறோமா, தூங்கவில்லையா, வீட்டில் சண்டையா எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். "நீ இன்னைக்குக் கீழ நில்லு" என்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

லைன் கிளியர் என்று ஒன்று உண்டு. எங்கே வேலையோ அங்கே வரும் கரண்டை நிறுத்தி, நான் சொல்லாமல் திரும்ப விடக் கூடாது என்று ஒருவர் பொறுப்பு வாங்குவது. வாங்குகிறவர் அண்ணாச்சி. டிரான்ஸ்பார்மர் சுவிட்சை இறக்கிப் பூட்டுவார். சாவி அவர் அரைஞாணில். ப்யூஸ்களைக் கழற்றி ஒரு காக்கிப் பையில் போட்டு என் தோளில் மாட்டுவார். அதோடு முடியாது. லைனில் சங்கிலி போட்டு மண்ணோடு கட்டச் சொல்வார், தப்பிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும். கட்டின பிறகு அவரே ஏறுவார். வெறுங்கையால், புறங்கையால், முதலில் அவர் தொடுவார்.

"கரண்ட் போன லைனை நம்பாத. கட்டுன லைனை நம்பு. லைன் கிளியர் வாங்குனவன் கைதான் மொதல்ல படணும்" என்பார். இந்த இரண்டும்தான் அவர் எங்களுக்குச் சொன்ன பாடம். வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

தேர் அன்று வேலை வேறு மாதிரி. தேர் உயரம் எல்லாருக்கும் தெரியும். ரத வீதிகளில் தெருவைத் தாண்டி வீடுகளுக்குப் போகிற சர்வீஸ் வயர் எல்லாவற்றையும் கம்பத்தில் கழற்றிச் சுருட்டி வீட்டோரம் தொங்கவிட வேண்டும். தேர் தாண்டின பிறகு திரும்ப மாட்ட வேண்டும். தேருக்கு முன்னால் ஒரு கோஷ்டி, பின்னால் ஒரு கோஷ்டி. நாங்கள் எப்போதும் முன் கோஷ்டி. வாத்தியச் சத்தம் முதுகில் வந்துகொண்டே இருக்கும்.

இதில் ஊர்க்காரர்கள் வேலையும் உண்டு. வயரைக் கழற்றும் முன் வீட்டு மெயினை ஆப் செய்ய வேண்டும். நாங்கள் தெருமுனையில் நின்று, "தேரு வருது, மெயினை எறக்குங்க" என்று ஒரு சத்தம் கொடுப்போம். உள்ளேயிருந்து ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக் கொண்டுவந்து வாசல் படியில் வைத்துவிடுவார்கள். கோலத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பீங்கான் கட்டை இருக்கும். வீதி முழுக்க, வீட்டுக்கு ஒன்று. அதைப் பார்த்துத்தான் ஏணி சாத்துவோம். யார் ஆரம்பித்த வழக்கம் என்று தெரியாது. எந்தச் சட்டத்திலும் இல்லை.

அந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. மோர் கொடுப்பார்கள். சிலர் செம்பைக் கையில் தர மாட்டார்கள், தூக்கி ஊற்றுவார்கள். எங்களில் யார் யாருக்கு அப்படி ஊற்றுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் கட்டை படியில் இருக்கும். அதில் பொய் இருக்காது.

பிறகு வீதி மாறியது. ஒரு தெரு என்ன ஆகிறது என்பது லைன்மேனுக்கு லோடில் தெரியும். முதலில் ஒரு வீடு லாட்ஜ் ஆனது. ஏசி வந்தது. டிரான்ஸ்பார்மர் முனக ஆரம்பித்தது. அடுத்தது கண்ணாடி போட்ட காபிக் கடை. இங்கிலீஷில் இருந்த பெயர் எனக்கு வாசிக்க வரவில்லை. பால்கோவாக் கடைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றன, ஒவ்வொன்றிலும் நாங்கள்தான் முதல் கடை என்று போர்டு. அந்தப் போர்டுகளுக்கு எரிகிற லைட்டு, அம்மாடி. ஊர்க்காரர்கள் வீட்டை விற்றுவிட்டு மதுரைக்கும் சென்னைக்கும் போனார்கள். வாங்கினவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. சத்தம் கொடுத்தால் வாட்ச்மேன் எட்டிப் பார்ப்பான். படியில் கட்டை வைக்க அங்கே கட்டையே கிடையாது, எல்லாம் புது மாதிரி சுவிட்சு.

மாறட்டும். மாறாத தெரு எது? எனக்குக் கோபம் அதில் இல்லை. வெளியூரில் இருக்கிற ஒரு கம்பெனி அந்த வீதியில் ஒரு பழைய மாடி வீட்டை வாங்கி, சுண்ணாம்பைச் சுரண்டி, ஓட்டலாக்கி, அதற்குப் "பாரம்பரிய மாளிகை" என்று பெயர் வைத்தது. வாசலில் வாழைமரம் பிளாஸ்டிக்கில். தேர் அன்று பால்கனியில் நாற்காலி போட்டு டிக்கெட் விற்றது. தேரை இழுக்கிறவன் வெயிலில் இழுக்கிறான். அதைப் பார்க்க மாடியில் டிக்கெட். சாமி போகிற தெருவை யார் இவர்களுக்கு விற்றது? கேட்டால் ஊருக்குப் பேர் கிடைக்கிறது என்கிறார்கள். ஊருக்கு ஏற்கெனவே பேர் இருக்கிறது. இவர்கள் வந்துதான் வைக்க வேண்டுமா?

அந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் முன் கோஷ்டியில் சுப்புராஜு இருந்தார். என் வயதுதான். எங்கள் ஊர்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நான் அவருக்கு மாமா, அவர் எனக்கு மாப்பிள்ளை. உறவு ஒன்றும் கிடையாது, ஒரே பஸ்ஸில் போய் வந்த உறவு. வாய் ஓயாது அவருக்கு. கம்பத்தின் மேலிருந்தும் பேசுவார்.

அன்று வடம் பிடித்தாயிற்று. தேர் நகர்ந்து வருகிறது. அந்த வீதியில் நாங்கள் கழற்ற வேண்டியது ஒரே ஒரு வயர்தான் பாக்கி. மாளிகையின் வயர். அண்ணாச்சியும் நானும் உள்ளே போனோம். மேனேஜர் தம்பி ஒருவன் காதில் போனோடு நின்றான். வெளியூர்ப் பேச்சு.

"மெயினை எறக்கணும் தம்பி. தேர் வருது."

"ஆஃப் பண்ணியாச்சு சார்."

"காட்டுங்க, பாத்துட்டுப் போறோம்."

"ரூம் லாக் ஆகியிருக்கு சார். சாவி மேடம்கிட்ட. ஆஃப்லதான் இருக்கு, நம்புங்க சார்."

அண்ணாச்சி அவன் முகத்தைப் பார்த்தார். வாத்தியம் கிட்டத்தில் கேட்டது. தேர் அன்று அந்த வீதியில் மெயின் விஷயத்தில் யாரும் பொய் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை. சொல்லலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அண்ணாச்சி சரி என்று தலையாட்டினார்.

அவன் நிறுத்தியிருந்தது மெயினை அல்ல. வரவேற்பு அறை ஏசி சுவிட்சை. எங்கள் லைனில் கரண்ட் போனதும் மாடியில் இருந்தவர்கள் புழுக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். பின்பக்கம் ஜெனரேட்டர் இருந்தது. அதை முறையாக இணைக்கவில்லை. இரண்டு பக்கமும் பின் வைத்த ஒரு வயரைச் செய்து, ஒரு பக்கம் ஜெனரேட்டரில், மறுபக்கம் சுவரில் இருக்கிற பிளக்கில் செருகுவார்கள். மெயின் இறங்காமல் அப்படிச் செருகினால் அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாக வெளியே வந்து கம்பத்துக்கு ஏறும். இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

சுப்புராஜு ஏணியில் ஏறி பெல்ட் மாட்டிக்கொண்டார். கையுறையை இடுப்பில் செருகியிருந்தார். முறுக்குக் கம்பியைப் பிரிக்க உறை போட்டால் பிடி கிடைக்காது. லைன் கட்டியிருக்கிறது, அண்ணாச்சி தொட்டுவிட்டார், பிறகு என்ன? எல்லாருமே அப்படித்தான் செய்தோம்.

"மாமா, மேல பாருங்க. நம்ம வேல பாக்கறதுக்கும் டிக்கெட்டு வச்சிருப்பாங்க போல. எம்புட்டு கேமரா!"

"வாயை மூடிட்டுக் கழத்துங்க மாப்ள. தேரு வந்துட்டு."

வயரை லைனிலிருந்து பிரித்தார். நுனி அவர் கையில் இருந்தது. அது வரைக்கும் அந்த வயர் எங்கள் சங்கிலியோடு மண்ணில் கட்டுப்பட்டிருந்தது. பிரித்ததும் அது தனி வயர். வீட்டுப் பக்கம் என்ன இருக்கிறதோ அதுதான் அதில் இருக்கும்.

ஜெனரேட்டர் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வாத்தியமும் கூட்டமும் அப்படி. நான் பார்த்தது வேறு. ஏணியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். மாளிகைச் சுவரில் ஏசிப் பெட்டி ஒன்று வெளியே தொங்கியது. அதன் விசிறி சுற்ற ஆரம்பித்தது. வீதி முழுக்கக் கரண்ட் இல்லை. ப்யூஸ் எல்லாம் என் தோள் பையில். விசிறி சுற்றுகிறது.

"மாப்ள, விட்ருங்க!" என்று கத்தினேன்.

விட முடியவில்லை. பிடித்த கை பிடித்தபடி இருந்தது. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வாய் ஓயாத மனிதர்.

காய்ந்த மூங்கில் கழி ஏணியடியில் கிடந்தது. எடுத்து வயரின் மேல் ஓங்கி அடித்தேன். அடிபட்டு வயர் கீழே போனது. மனிதர் பெல்ட்டில் தொங்கினார், தலை ஒரு பக்கம். வயர் கீழே தெருவில் கிடக்கிறது, கரண்டோடு. தேரும் ஆயிரமாயிரம் வெறுங்காலும் அதைப் பார்த்து வந்துகொண்டிருக்கின்றன.

பால்ச்சாமி அண்ணாச்சி ஓடியதை அன்றுதான் பார்த்தேன். தேருக்கு முன்னால் கொடி காட்டுகிறவரைப் போய்க் கட்டிப் பிடித்துவிட்டார்.

"தேரை நிறுத்துங்க!"

"என்னய்யா பேசுத? நிலைக்கு வாராம நிறுத்தக் கூடாது."

"வயரு கெடக்கு. ஆளு தொங்குது. நிறுத்துங்க!"

அவர் கொடியைத் தூக்கினார். சக்கரத்துக்குக் கட்டை விழுந்தது. தேர் நின்றது. கூட்டம் ஊளையிட்டது. என்ன என்று பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. வெயில். "எவன்லே நிறுத்துனது?" என்று கேட்டார்கள். "கரண்டுக்காரனுக வேலைய முடிக்கலையாம்" என்று யாரோ பதில் சொன்னார்கள். அந்தப் பதில்தான் ஊரெல்லாம் போனது.

மாப்பிள்ளையை இறக்கிக் கிடத்தினோம். அண்ணாச்சி நெஞ்சில் அமுக்கினார். மூச்சு வந்தது. வலது கை கருகியிருந்தது. மாடியில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கி ஓடிவந்து, தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கையைச் சுற்றக் கொடுத்தாள். அழுதாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தேர் பார்க்க ஆசைப்பட்டு வந்தவள். அவளுக்கு விற்றவர்கள் மேல்தான்.

வடம் பிடித்திருந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் வழி விட்டார்கள். தலைக்கு மேல் தூக்கி, கைமாற்றிக் கைமாற்றி, வீதி முனையில் நின்ற ஆம்புலன்சில் சேர்த்தார்கள்.

அண்ணாச்சியும் நானும் மாளிகைக்குள் போனோம். ஜெனரேட்டர் இன்னும் ஓடியது. மேனேஜர் எதிரே வந்தான். முகம் வெளுத்திருந்தது. அவன் கேட்டது இதுதான்.

"சார், கெஸ்ட் எல்லாம் மேல இருக்காங்க. எப்ப சார் கரண்ட் வரும்?"

அண்ணாச்சி பின்பக்கம் போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். சுவரிலிருந்து அந்த வயரைப் பிடுங்கினார். இரண்டு முனையையும் கையில் பிடித்து அவன் முகத்துக்கு நேரே காட்டினார். காட்டிக்கொண்டே நின்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சின்னப் பையன், சம்பளத்துக்கு இருக்கிறவன். கெஸ்டுக்குப் புழுங்கக் கூடாது என்று அவனுக்கு மேலே யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த மேலே இருக்கிறவர்களை இன்று வரை நான் பார்த்ததில்லை. மேடம் என்று சொன்னானே, அந்த மேடத்தையும் பார்த்ததில்லை.

பிறகு அண்ணாச்சி வெளியே வந்து, தெருவில் கிடந்த வயரைத் தாமே வெறுங்கையால் எடுத்துச் சுருட்டினார். தேர் நகர்ந்தது.

மாப்பிள்ளைக்கு இராஜபாளையத்தில் வைத்தியம். மூன்று விரல் போய்விட்டது. மிச்சமிருக்கிற இரண்டும் மடங்காது. நாங்கள் பக்கத்தில் இருக்கும்போது கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தார். பட்டுக் கயிறு கட்டிய பெட்டி ஒன்றை மெத்தையில் வைத்தார். பால்கோவா. பெட்டி மேல் கோபுரம் படம். உள்ளே ஒரு அட்டை. அடுத்த வருஷம் பால்கனியில் உட்கார்ந்து தேர் பார்க்கக் குடும்பத்தோடு அழைப்பு.

"வெளிய இதப்பத்திப் பேச வேண்டாம், ஊருக்குத்தான் கெட்ட பேரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா மாமா, நம்ம இனிமே மேல ஏற முடியாதுன்னு அவிய வருத்தப்பட்டிருக்காங்க. படி வழியா ஏறி வரச் சொல்லுதாங்க."

அவர் மனைவி பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

பால்கனியிலிருந்து எடுத்த படம் செல்போனில் சுற்றியது. தேர் நிற்கிறது, ஒரு ஆள் கம்பத்தில் தொங்குகிறான், கூடவே ஏதோ பாட்டு. கரண்டுக்காரர்கள் அசட்டையால் தேர் நின்றது என்று எழுதியிருந்ததாக என் மகள் வாசித்துச் சொன்னாள். மாளிகையின் பெயர் அதில் இல்லை. அண்ணாச்சி முகம் இருந்தது.

அதிலிருந்து ஊரில் அவருக்குப் பெயர், தேரை நிறுத்தினவர். டீக்கடையில் சொல்வார்கள். மழை பெய்யாவிட்டால் சொல்வார்கள். ஒருவர் வீட்டில் சாவு விழுந்ததற்குக் கூட அதைச் சொன்னார்கள். அவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. ரிட்டையர் ஆனதும் ஆலங்குளத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஒருமுறை பார்க்கப் போனேன். "நான் அந்தத் தம்பி சொன்னதை நம்பிட்டேன்" என்றார். தேரை நிறுத்தினதைப் பற்றி ஒரு வார்த்தை வருந்தவில்லை. நம்பினதற்குத்தான். தேருக்கு அவர் திரும்ப வரவே இல்லை. போன வருஷம் செத்துப்போனார்.

இப்போது அதே மாளிகை கேட்கிறது. தேர் அன்று தங்களுக்கு மட்டும் கரண்ட் நிற்கக் கூடாதாம். வீதி முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது நடுவில் ஒரு கட்டடத்தில் மட்டும் கரண்ட் ஓடுமாம். அதன் பக்கத்துக் கம்பத்தில் மாரிமுத்துவின் ஆட்கள் ஏறணுமாம். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். ஒருவன் ஏறி, ஒருவன் தொங்க, மேலே ஒருவன் குளிர்ச்சியாக உட்கார்ந்து படம் பிடிக்க வேண்டும். அதற்குப் பெயர் பாரம்பரியம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நேற்று மாரிமுத்து திரும்ப அழைத்தான்.

"அண்ணே, மெயின் போர்டை என் கண்ணு முன்னாடி எறக்கி, ஜெனரேட்டரைத் தெருவுக்குக் கொண்டு வரணும்னு சொல்லிட்டேன். முடியாதுங்காங்க. இப்ப என்ன செய்ய?"

"யாரையும் ஏத்தாத."

"ஏத்தலைன்னா வயரு அப்பிடியே நிக்கும். தேர் அந்த எடத்துல நின்னுரும்லா."

"நிக்கட்டும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவனிடம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எனக்கும் வாய் கூசத்தான் செய்தது.

"சொல்லிட்டீங்க. பொறவு பால்ச்சாமி அண்ணாச்சியச் சொன்ன மாதிரி ஊரு என்னையும் சொல்லும். எம் பிள்ளைக இங்கதான் படிக்குது."

அவன் சொன்னதில் பொய் இல்லை. யோசித்தேன்.

"நான் வாரேன். கொடி காட்டுறவரு பக்கத்துல நான் நிக்கேன். எவன் நிறுத்தச் சொன்னதுன்னு கேட்டா என்னைக் கைகாட்டு. நான் ரிட்டையர் ஆனவன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லட்டும்."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரிண்ணே" என்றான்.

சுப்புராஜுவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். தானும் வருவதாகச் சொன்னார்.

"மாமா, அந்தப் பால்கனிக்குக் கீழ நல்ல நெழல் உண்டு. ஓரமா நின்னுக்கிடுவோம்."

"நெழல்ல வேண்டாம் மாப்ள" என்றேன். "மேல இருக்கறவங்களுக்குத் தெரியற எடத்துல நிப்போம்."